மறைபொருளும் மனைவாழ்வும்: புது நாவல்கள் சில

மறையூர் என்னும் பெயருக்கு மக்கள் சொல்லும் காரணம் ஒன்று உண்டு. வனவாச காலத்தில் பாண்டவர்கள் மறைந்திருந்த ஊர் ஆகையால் இது மறையூர் ஆயிற்று என்பர். சொல்லாராய்ச்சியாளர் இதனை ஏற்பாரோ, மறுப்பாரோ, நாம் அறியோம். ஆயின், எதையோ மறைத்து வைத்திருக்கும் ஊர் இது என்பதை முனியறைகளைக் கண்டோர் மறுக்க மாட்டார். கற்பலகைகளைச் சுவராக நிறுத்தி, மேலே ஒரு பெரும்பலகையைக் கூரையாக மூடி, பாறைகளின்மீது எழுப்பப்பட்ட அறைகள் அவை. முனிவர் தவமிருந்த அறை என்பது ஊர்வழக்கு. பெருங்கற்கால மக்கள் இறந்தோர்க்கு எடுத்த ஈமச் சின்னம் என்பது தொல்லியலார் முடிபு. அவற்றின் முன் நிற்பவர் மனத்தில் இரண்டு கேள்விகள் எழும். இங்கே கிடத்தப்பட்டவர் யார்? அவரைச் சுமந்து வந்து, இத்துணைப் பெரிய கல்லைத் தூக்கி வைத்து, அழுதுவிட்டு வீடு திரும்பியவர் யார்?

முதற்கேள்வி மர்ம நாவலின் கேள்வி. இரண்டாவது குடும்ப நாவலின் கேள்வி. இவ்விரண்டும் ஒரே கல்லின் முன் நின்று கேட்கப்படுபவை என்பதையே இக்கட்டுரையில் வலியுறுத்த விரும்புகிறோம்.

இதனை வலியுறுத்த வேண்டிய தேவை என்ன? உடுமலைப்பேட்டையிலிருந்து சின்னாறு வழியாக மலையேறி மறையூர், மூணாறு, தேவிகுளம் என்று பரவியிருக்கும் தமிழ்க் குடும்பங்களிலும், அதற்கப்பால் கேரளத்தின் நகரங்களில் பிழைப்புத் தேடிச் சென்று வாழும் தமிழ்க் குடும்பங்களிலும், ஆண்டுதோறும் ஒரு கேள்வி கேட்கப்படுகின்றது. “ஊருக்குப் போகிறீர்களே, நல்ல புது நாவலாகப் பார்த்து இரண்டு வாங்கி வாருங்கள்” என்பதே அது. உடனே வீடு இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடும். தந்தைக்கும் மகனுக்கும் கொலையும் துப்பும் வேண்டும். தாய்க்கும் பாட்டிக்கும் குடும்பக் கதை வேண்டும். பேருந்து நிலையக் கடையில் இரண்டு நூல்கள் வாங்கப்படும். இவருடையதை அவர் தொடமாட்டார், அவருடையதை இவர் தொடமாட்டார். இரண்டு நூல்கள் இருந்தும், வீட்டில் அதைப் பற்றிய பேச்சு மட்டும் இராது.

பிறந்த மண்ணில் வாழ்வோர்க்கு இது பெரிய இழப்பன்று. தெருவெங்கும் தமிழ் ஒலிக்க, வீட்டில் ஒரு நூலைப் பற்றிப் பேசாவிட்டால் மொழி குன்றிவிடாது. புலம்பெயர்ந்த குடும்பத்தின் நிலை வேறு. பிள்ளை பள்ளியில் மலையாளமோ ஆங்கிலமோ படிக்கிறான். அவனுக்குத் தமிழ் என்பது ‘சாப்பிட்டாயா, குளித்தாயா’ என்னும் அளவில் நின்றுவிடும் அச்சம் ஒவ்வொரு தாய்க்கும் உண்டு. பெரியதொரு செய்தியைத் தமிழில் வாதிடவும், ஐயுறவும், மறுக்கவும் அவனுக்கு இடம் வேண்டும். ஒரே நாவலை வீடு முழுதும் படித்து விவாதிக்கும் மாலைப்பொழுது அத்தகைய இடமாகும். ஆகவே, இருதரத்தாரும் ஒருங்கே படிக்கத்தக்க நாவல்கள் எவை என்று தேடினோம். கண்டவற்றுள் சிலவற்றை இங்கே முன்வைக்கிறோம்.

பிரிவினை எப்போது வந்தது?

மர்மத்தையும் மனைவாழ்வையும் இரண்டு அலமாரிகளில் வைக்கும் வழக்கம் தமிழுக்குப் பழையது அன்று. சிலப்பதிகாரத்தை எடுத்துக்கொள்வோம். கணவன் பிரிகிறான், பொருள் அழிகிறது, மனைவி பொறுக்கிறாள், இருவரும் வேற்றூருக்குப் பிழைக்கப் போகின்றனர். இது குடும்பக் கதை. அவ்வேற்றூரில் சிலம்பு ஒன்று களவு போகிறது. உண்மைக் கள்வன் பழியை வேறொருவன்மேல் ஏற்றுகிறான். ஆராயாத அரசன் கொலைத்தண்டம் விதிக்கிறான். பின்பு சிலம்பு உடைக்கப்பட்டு, உள்ளே இருப்பது முத்தா மாணிக்கமா என்னும் ஒரே சான்றினால் வழக்கு வெளிச்சமாகிறது. இதனினும் சிறந்த துப்பறியும் கதை உண்டோ? வாழவந்த வெளியூரான் என்பதனாலேயே ஐயத்துக்கு ஆளான ஒருவனின் கதை இது என்பதையும் நம்மவர் எண்ணிப் பார்த்தல் வேண்டும். கண்ணகி முடிவில் ஏறியது சேரநாட்டு மலை. இடுக்கி மாவட்டத்தின் எல்லையில், சித்திரை முழுநிலவு நாளில் இருமாநில மக்களும் கூடும் மங்கலதேவி கோட்டம் அந்த நினைவைச் சுமந்து நிற்கிறது.

நாவல் என்னும் புது வடிவம் வந்தபோதும் இந்தக் கலப்பு நீடித்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆரணி குப்புசாமி முதலியார் ஆங்கிலத் துப்பறியும் கதைகளைத் தழுவித் தமிழில் எழுதிக் குவித்தார். அவரையடுத்துப் பெரும்புகழ் பெற்ற வடுவூர் துரைசாமி ஐயங்காரின் ‘மேனகா’, மருமகள் படும் பாட்டையும் கணவனின் ஐயத்தையும் சொல்லும் கதை. ஆயினும் அதில் கடத்தலும் சூழ்ச்சியும் துப்பறியும் திகம்பர சாமியாரும் உண்டு. 1935-இல் அது திரைப்படமாயிற்று. உலக இலக்கியத்திலும் நிலை இதுவே. தாஸ்தாயெவ்ஸ்கியின் ‘கரமசோவ் சகோதரர்கள்’ (1880) தந்தையைக் கொன்றவன் யார் என்னும் வழக்கு. கூடவே தந்தைக்கும் மக்களுக்கும் இடையே என்ன நேர்ந்தது என்னும் குடும்பக் கதை.

வாரப் பத்திரிகைகளும் மாத நாவல்களும் பெருகியபின் சந்தை இவற்றைப் பிரித்தது. ஒரு பக்கம் தமிழ்வாணனின் சங்கர்லால், 1968-இல் ‘நைலான் கயிறு’ தொடங்கி வளர்ந்த சுஜாதாவின் கணேஷ், பின்னர் அவரோடு சேர்ந்த வசந்த், கோவை மண்ணிலிருந்து ஆயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்ட நாவல்கள் எழுதிய ராஜேஷ்குமார். மறுபக்கம் லக்ஷ்மி, ரமணிசந்திரன் முதலியோரின் குடும்ப நாவல்கள். இவர்களைச் சிறிதும் குறைத்துரைக்க நாம் ஒருப்படோம். நூலகம் எட்டாத தோட்டத்து லயங்களுக்கும் கரும்புக்காட்டுக் குடில்களுக்கும் தமிழ் எழுத்தைக் கொண்டு சேர்த்தவை அச்சிறு நூல்களே. ஆயினும் ஒரு குறை உண்டு. மர்மக் கதையில் பிணம் கிடக்கும். அதற்காக அழுவோர் இரார். குடும்பக் கதையில் அழுகை இருக்கும். அதற்குக் காரணமான பணமும் அதிகாரமும் ஊரும் கண்ணுக்குத் தெரியா. நாம் கொள்ளும் அளவுகோல் இதனின்றே பிறக்கிறது. கேள்வியைக் கூர்மையாக எழுப்பி, அதன் விடையில் மனிதரைத் தொலைத்துவிடாத நாவலே நல்ல நாவல்.

சிலம்பின் தடத்தில் ஒரு மர்மம்

இவ்வளவுகோலால் அளந்து முதலில் நாம் பரிந்துரைப்பது இரா. முருகவேளின் ‘மிளிர் கல்’ (2014). கண்ணகி நடந்த வழியைப் படமாக்கப் புறப்படும் முல்லை என்னும் பெண்ணும் அவள் நண்பன் நவீனும் பூம்புகாரிலிருந்து மேற்கு நோக்கிச் செல்கின்றனர். காங்கேயம் பகுதி நிலத்தடியில் கிடைக்கும் மணிக்கற்களும், அவற்றைக் கவர நினைக்கும் பெருவணிகமும் கதைக்குள் நுழைகின்றன. சிலம்பினுள் இருந்த கல் எங்கிருந்து வந்தது என்னும் பழைய கேள்வி, இன்று அக்கல்லைத் தோண்டுபவன் யார், விற்பவன் யார், பொருள் யாருக்குச் சேர்கிறது என்னும் புதிய கேள்வியாக மாறுகிறது.

இளைஞர் கையில் தயங்காது கொடுக்கத்தக்க நூல் இது. பயணம் உண்டு, தேடல் உண்டு, அபாயமும் உண்டு. குறையும் இல்லாமல் இல்லை. கதைமாந்தர் சில இடங்களில் உரையாடுவதை விட்டு விரிவுரை ஆற்றத் தொடங்கிவிடுகின்றனர். செய்தியின் சுமையால் கதை நடை தளர்கிறது. எனினும், காப்பியத்தைப் பாடநூல் என்று மட்டுமே அறிந்த பிள்ளைக்கு, அது தன் ஊரின் வழியே நடந்து சென்ற ஒரு பெண்ணின் கதை என்று உணர்த்தும் ஆற்றல் இந்நூலுக்கு உண்டு. அதற்காகவே அக்குறையைப் பொறுக்கலாம்.

காட்டில் நடந்ததைக் காட்டில் இருப்போர் சொன்னால்

மறையூருக்குப் பெருமையும் அல்லலும் ஒருங்கே தருவது சந்தனக் காடு. இயற்கையாக வளர்ந்த சந்தன மரங்கள் செறிந்து நிற்கும் இக்காட்டை வேலியிட்டு வனத்துறை காக்கிறது; மரம் ஏலத்தில் விற்கப்படுகிறது. காவல் இருக்கும் இடத்தில் களவும் இருக்கும். சந்தனக் கடத்தலை வைத்துத் திகில் கதை பின்னுவது எளிது. இருள், கோடரி, துப்பாக்கி, காட்டிக்கொடுப்பவன் என்று பொருள்கள் யாவும் முன்னரே அமைந்து கிடக்கின்றன. ஆயின் அக்கதைகளில் காட்டில் குடியிருப்போர் பெரும்பாலும் வழிகாட்டியாகவோ கூலியாகவோ ஒரு பக்கம் வந்து மறைவர்.

இந்த வழக்கத்தைத் தலைகீழாக்கிய நாவல் ச. பாலமுருகனின் ‘சோளகர் தொட்டி’ (2004). களம் சத்தியமங்கலம் மலைக்காடு. சந்தனமும் தந்தமும் கடத்திய வீரப்பனைத் தேடித் தமிழகம், கருநாடகம் ஆகிய இரு மாநிலக் காவற்படைகளும் காட்டுக்குள் நுழைந்த காலம். நாவலின் முற்பகுதி சோளகர் என்னும் பழங்குடியினரின் வேளாண்மை, வழிபாடு, மணம், சாவு ஆகியவற்றைப் பொறுமையாகக் காட்டுகிறது. பிற்பகுதியில் அந்த வாழ்க்கைமேல் விசாரணை என்ற பெயரில் இறங்கிய கொடுமையைச் சொல்கிறது. தேடப்படுபவன் கதையின் ஓரத்தில் நிற்கிறான். தேடுதலுக்கு இரையானோர் நடுவில் நிற்கின்றனர். வழக்கறிஞரான ஆசிரியர், மக்கள் சொல்லக் கேட்டு அறிந்தவற்றைக் கதையாக்கியிருப்பதால் மிகைச் சொல் இன்றியே நம் நெஞ்சு நடுங்குகிறது.

முற்பகுதியின் மெல்லிய நடையில் சலிப்புற்று நூலை மூடிவிடுவோர் உண்டு. அவர்களுக்கு ஒன்று சொல்வோம். வீட்டையும் அடுப்பையும் அறியாமல் அவ்வீடு எரிவதைக் கண்டால் அது வெறும் காட்சியாகும். அறிந்தபின் கண்டாலே துயரமாகும். பிற்பகுதியில் கடுஞ்சித்திரவதைகள் வருகின்றமையால் சிறுவர் கையில் இதைக் கொடுத்தல் ஆகாது. பெரியோர் படித்துத் தக்க வயதில் தருக.

கணக்கேட்டின் மர்மம்

மர்மத்துக்கும் குடும்பத்துக்கும் நடுவில் நிற்கும் நூல் ஒன்று உண்டு. மூணாற்றுத் தேயிலைத் தோட்டத்துக் குடும்பங்கள் அதைக் கண்ணீரோடு படிக்கும். மருத்துவர் பி. எச். டேனியல் ஆங்கிலத்தில் எழுதி 1969-இல் வெளிவந்த ‘ரெட் டீ’, இரா. முருகவேளின் மொழிபெயர்ப்பில் ‘எரியும் பனிக்காடு’ என்னும் பெயரோடு இந்நூற்றாண்டில்தான் தமிழுக்கு வந்தது. திருநெல்வேலிச் சீமையின் வறண்ட சிற்றூரிலிருந்து கருப்பனும் வள்ளியும் மேஸ்திரியின் ஆசைவார்த்தையை நம்பி ஆனைமலைத் தோட்டங்களுக்கு மலையேறுகின்றனர். சில திங்களில் கடனை அடைத்துப் பணத்தோடு ஊர் திரும்பலாம் என்பது அவர்களது கணக்கு. மேஸ்திரியின் கணக்கோ வேறு.

கொலையாளி யார் என்று தேடும் வாசகரும் இந்நூலில் ஏமாற்றம் அடையார். உழைக்க உழைக்கக் கடன் ஏன் குறையவில்லை? முன்பணம், கம்பளி, அரிசி, மருத்துவம் என்று எழுதப்படும் ஏட்டில் எந்த வரியில் வாழ்க்கை களவாடப்பட்டது? இதுவும் துப்பறிய வேண்டிய குற்றமே. மலைக்காய்ச்சல் எத்தனை உயிர்களைக் கொண்டது என்பதைத் தோட்ட மருத்துவராகப் பணியாற்றிய ஆசிரியர் நேரில் அறிந்த பரிவோடு எழுதியிருக்கிறார். மாந்தரை நல்லவர், தீயவர் என்று இரண்டே நிறத்தில் தீட்டிவிட்டார் என்று திறனாய்வாளர் குறை கூறலாம். அதில் உண்மையும் உண்டு. இந்நாவலைத் தழுவி 2013-இல் ‘பரதேசி’ திரைப்படம் வந்தது. படம் பார்த்தவர்களும் நூலைப் படித்தல் நன்று. படத்தில் துயரம் தெரியும். அத்துயரம் எப்படிக் கணக்கிட்டுச் செய்யப்பட்டது என்பது நூலில்தான் முழுமையாக விளங்கும்.

இந்நூலை வெறும் பழங்கதை என்று எவரும் எண்ணற்க. 2015-இல் மூணாற்றுத் தோட்டத்துப் பெண்கள், எந்தத் தொழிற்சங்கத் தலைமையையும் நம்பாது ‘பெம்பிளை ஒருமை’ என்று தாமே திரண்டு கூலிக்கும் போனசுக்கும் போராடினர். 2020 ஆகஸ்டுத் திங்களில் பெட்டிமுடியில் மலை சரிந்து தோட்டத்து லயங்களில் உறங்கியோரை மண் மூடியது. எழுபது பேர் மாண்டனர். அவர்களுள் பெரும்பாலோர் தமிழ்த் தொழிலாளர் குடும்பத்தினர். கருப்பனும் வள்ளியும் ஏறிய அதே மலைப்பாதைகளைப் போன்றவற்றில் ஏறியவர்களின் வழித்தோன்றல்களே இவர்கள். எனவே இந்நூலைப் பாட்டியும் பேத்தியும் சேர்ந்து படிக்கட்டும். படிக்கும்போது பாட்டி இடையிடையே நிறுத்தித் தன் கதையைச் சொல்லத் தொடங்கினால், நூலை மூடிவிட்டு அதைக் கேட்பதே முறை.

வீட்டுக்குள் ஒரு விசாரணை

குடும்ப நாவல் என்ற உடனே மாமியார், மருமகள், இறுதியில் சமாதானம் என்று எதிர்பார்ப்போர்க்கு இமையத்தின் ‘செல்லாத பணம்’ அதிர்ச்சி தரும். 2020-ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி விருதைப் பெற்ற நாவல் இது. பொறியியல் கற்ற ரேவதி, பெற்றோர் எதிர்ப்பை மீறி, பர்மாவிலிருந்து திரும்பியோர் குடியிருப்பைச் சேர்ந்த ரவி என்னும் ஆட்டோ ஓட்டுநரை மணக்கிறாள். ஆண்டுகள் சில கழிந்து உடலெங்கும் தீக்காயத்தோடு புதுவை ஜிப்மர் மருத்துவமனையில் கிடக்கிறாள். அவளே தீ வைத்துக்கொண்டாளா, வைக்கப்பட்டாளா? மர்ம நாவலுக்குரிய கேள்வி முதலிலேயே எழுந்துவிடுகிறது. ஆனால் ஆசிரியர் துப்பறிவாளரை அழைத்து வரவில்லை. தீக்காயப் பிரிவின் வாயிலில் காத்திருக்கும் தந்தை, தாய், உடன்பிறந்தான் ஆகியோரைப் பேசவிடுகிறார். பேசப் பேசக் குற்றம் ஒருவர் தலையிலிருந்து மற்றொருவர் தலைக்கு மாறிக்கொண்டே இருக்கிறது. மகளிடம் ஆண்டுக்கணக்கில் பேசாதிருந்த தந்தையின் மௌனமும் அந்தத் தீயில் ஒரு துளி எண்ணெய்தானோ என்று நாம் அஞ்சத் தொடங்குகிறோம்.

நாவலின் பெரும்பகுதி உரையாடலாலேயே ஆனது. அழுகையும் புலம்பலும் மீண்டும் மீண்டும் வருவது சிலரைக் களைப்படையச் செய்யலாம். மருத்துவமனை வாயிலில் இரவு முழுதும் காத்திருந்தவர்களுக்கு இந்தத் திரும்பக்கூறல் குறையாகத் தோன்றாது. அங்கே மனிதர் அவ்வாறே பேசுவர்.

புலம்பெயர்ந்த நாம் இந்நூலில் கவனிக்க வேண்டியது மற்றொன்றும் உண்டு. ரவியைக் குடும்பத்தார் வெறுப்பதற்கு அவன் வறுமை மட்டுமே காரணமன்று. எங்கிருந்தோ வந்து குடியேறியவன் என்பதும் அவன்மேல் விழும் கறை. வேற்று மாநிலத்தில் ‘அங்கிருந்து வந்தவர்கள்’ என்னும் சொல்லைக் காதால் கேட்டு வாழும் நாமும், நமக்குப் பின் வந்தவனை அதே சொல்லால் சுடுகிறோமா? மகன் அல்லது மகளின் மணப்பேச்சு நடக்கும் வீடுகளில் இந்நூல் இருக்கட்டும். ரவிக்கு ஆசிரியர் பரிந்து பேசவில்லை. அவன் செய்ததை மறைக்கவுமில்லை. தீர்ப்பு வழங்கும் நாற்காலியிலிருந்து வாசகரை இறக்கி, காத்திருப்போர் பெஞ்சில் உட்கார வைக்கிறார். அங்கே உட்கார்ந்து பார்ப்பது நமக்கு நல்லது.

இதற்கு நேர்மாறான சுவையுடையது தேவிபாரதியின் ‘நீர்வழிப் படூஉம்’ (2020). 2023-ஆம் ஆண்டு சாகித்திய அகாதெமி விருது பெற்றது. பெயர் புறநானூற்றிலிருந்து எடுக்கப்பட்டது; கதையோ கொங்குநாட்டுச் சிற்றூரின் குடிநாவிதர் குடும்பம் ஒன்றைப் பற்றியது. காரு மாமா இறந்துபோகிறார். மனைவி பிரிந்து போய்த் தனிமரமாய் வாழ்ந்த அவரது சாவுக்குச் சிதறிப்போன உறவுகள் வந்து கூடுகின்றன. பழைய பகைகள், மன்னிக்கப்படாத சொற்கள், பசித்த நாள்களில் பகிர்ந்துண்ட சோறு எல்லாம் அந்த வீட்டில் மீண்டும் எழுகின்றன. மருமகன் ஒருவன் நினைவின் வழியே கதை செல்கிறது.

அளவில் சிறிய நூல். நிகழ்ச்சிகள் முன்பின்னாக வருவதாலும், உறவினர் பெயர்கள் மிகுதியாக இருப்பதாலும், முதல் சில பக்கங்களில் யார் யாருக்கு என்ன முறை என்று தடுமாற்றம் உண்டாகும். அதற்கு ஒரு வழி சொல்வோம்: வீட்டில் மூத்த பெண்மணியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள். பெரியம்மா, சித்தி, அத்தை, மதினி என்னும் முறைகளை அவர் நொடியில் விடுவித்துவிடுவார். எல்லாரையும் ‘அங்கிள்’, ‘ஆன்டி’ என்றே அழைத்துப் பழகிய பிள்ளைக்கு அதுவே பெரியதொரு தமிழ்ப்பாடம். மறையூர் வாசகர்க்கு இந்நூலின் பேச்சு அயலானதன்று. இங்கிருந்து கிழக்கே ஓடும் பாம்பாறு அமராவதியாகிப் பாயும் கொங்குச் சமவெளியின் பேச்சு அது. ஊர்ச் சாவுக்குப் போய்ச் சேரமுடியாமல் மலைமேல் இருந்து அழுதவர்கள் நம்மிடையே பலர். அவர்களுக்கு இந்நாவல், தவறிய துக்கத்தில் ஒருநாள் கலந்துகொள்ளும் வாய்ப்பாகும்.

இரண்டு எழுத்து, ஒரு வீடு

தமிழ் படிக்கத் தயங்கும் பிள்ளையை என் செய்வது என்று கேட்போர்க்கு நாம் காட்டும் நூல் மலையாளத்தில் பிறந்தது. மனோஜ் குரூர் 2015-இல் எழுதிய ‘நிலம் பூத்து மலர்ந்ந நாள்’, கே. வி. ஜெயஸ்ரீயின் மொழிபெயர்ப்பில் ‘நிலம் பூத்து மலர்ந்த நாள்’ ஆயிற்று. அம்மொழிபெயர்ப்புக்கு 2019-ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமியின் மொழிபெயர்ப்பு விருது கிடைத்தது. தமிழும் மலையாளமும் பிரியாத சங்ககாலம். வறுமையால் புரவலரைத் தேடி அலையும் பாணர் கூட்டம். வீட்டை விட்டுப்போன மகன். தந்தை கொலும்பன், மகள் சித்திரை, மகன் மயிலன் ஆகிய மூவரும் ஒருவர்பின் ஒருவராகக் கதையைச் சொல்கின்றனர். மகன் எங்கே போனான், என்ன ஆனான் என்னும் தேடல் மர்மக் கதைக்குரிய ஆவலோடு நடத்திச் செல்கிறது. விடை கிடைக்கும்போது அது குடும்பத்தின் துயராகவும் பாரியின் வீழ்ச்சியைச் சூழ்ந்த அரசியலின் துயராகவும் ஒருங்கே விரிகிறது.

வடசொற்களை இயன்றவரை விலக்கி, பழந்தமிழுக்கு நெருங்கிய மலையாளத்தில் ஆசிரியர் இதனை எழுதினார். ஆகவே நம் வீடுகளில் ஒரு சோதனை செய்து பார்க்கலாம். மகன் மலையாள மூலத்தை எடுத்துக்கொள்ளட்டும். தாய் தமிழ்ப் பெயர்ப்பை எடுத்துக்கொள்ளட்டும். நாளைக்கு ஓர் அத்தியாயம் படித்து, இரவில் ஒப்பிட்டுப் பேசட்டும். தன் பள்ளிமொழிக்கும் வீட்டுமொழிக்கும் இடையே உள்ள சுவர் எவ்வளவு மெல்லியது என்பதை அவன் தானே காண்பான். மூவர் கூற்றும் ஒரே சாயலில் ஒலிப்பதும், சங்கப் பாடற் செய்திகள் சில இடங்களில் கதையை மீறி நிற்பதும் நூலின் குறைகள் எனலாம். எல்லைப்புறத் தமிழ் வீட்டுக்கு இதனினும் பொருத்தமான நாவலை எளிதில் காட்ட இயலாது.

மலையாளம் படிக்கும் பிள்ளைகளுக்கு இன்னொரு பணியும் தரலாம். ஜி. ஆர். இந்துகோபன் எழுதிய ‘விலாயத் புத்தா’ மறையூரையே களமாகக் கொண்டது. 2025-இல் திரைப்படமாகவும் வந்தது. உயர்தரச் சந்தனத்துக்கு வழங்கும் பெயரே நூலின் பெயர். தம் இறுதிச் சிதைக்கென்று வீட்டு வளாகத்தில் சந்தன மரம் ஒன்றை வளர்த்துக் காக்கும் முதிய ஆசிரியர். அம்மரத்தை வெட்டியே தீருவேன் என்னும் முன்னாள் மாணவன், கடத்தல்காரன். களவு நடக்குமா என்பது மேலே தெரியும் கேள்வி; இழந்த மானத்தை மனிதன் எதைக் கொண்டு மீட்பான் என்பது உள்ளே இருக்கும் கேள்வி. பிள்ளைகள் இதைப் படித்துத் தம் பாட்டனுக்குத் தமிழில் கதையாகச் சொல்லட்டும். சந்தனக் காட்டின் ஓரத்தில் வாழ்நாளைக் கழித்த பாட்டன், ‘அப்படி நடக்காது, இப்படித்தான் நடக்கும்’ என்று திருத்துவார். அந்தத் திருத்தமே சிறந்த திறனாய்வு.

ஒரு மறுப்பும் ஒரு வேண்டுகோளும்

“நாள் முழுதும் கரும்பு வெட்டியும் கொப்பரையில் பாகு கிண்டியும் களைத்து வருகிறவனுக்கு இத்துணைத் துயரம் வேண்டுமா? பொழுதுபோக்காக நாலு பக்கம் படிக்கக் கூடாதா?” என்று கேட்போர் உண்டு. நியாயமான கேள்வியே. பொழுதுபோக்கு நாவலை நாம் விலக்கச் சொல்லவில்லை. ராஜேஷ்குமாரும் ரமணிசந்திரனும் வீட்டில் இருக்கட்டும். ஆனால் கவனியுங்கள்: மறையூர்ச் சர்க்கரைக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்த உருண்டையின் இனிப்புக்குப் பின்னால் அடுப்பின் வெக்கையும் கையின் காய்ப்பும் உண்டு என்று வாங்குபவன் அறியான், செய்பவன் அறிவான். நல்ல நாவலும் அவ்வாறே. அதிலுள்ள வெக்கையை உழைப்பவனே முதலில் அறிந்துகொள்வான். நம்மைப்போல் இன்னொருவனும் பட்டிருக்கிறான் என்று அறிவதில் ஓர் ஆறுதல் உண்டு. அதனைப் பொழுதுபோக்கு தர இயலாது.

எதிலிருந்து தொடங்குவது என்று கேட்டால் வரிசை சொல்வோம். இளைஞர் உள்ள வீடு ‘மிளிர் கல்’லில் தொடங்குக. தோட்டத்துக் குடும்பங்கள் ‘எரியும் பனிக்காடு’ முதலில் படிக்க. உறவுகளை விட்டு நெடுந்தொலைவு வந்தோர்க்கு ‘நீர்வழிப் படூஉம்’. மணமாக வேண்டிய மக்களைப் பெற்றோர்க்குச் ‘செல்லாத பணம்’. இருமொழிப் பிள்ளைகள் உள்ள எல்லா வீட்டுக்கும் ‘நிலம் பூத்து மலர்ந்த நாள்’. ‘சோளகர் தொட்டி’யை மன உறுதியுள்ள பெரியோர் படிக்க. சங்க நூலகங்கள் ஒவ்வொன்றிலும் இரண்டு படிகளேனும் வாங்கி வைத்தல் வேண்டும். ஒருவர் எடுத்துச் சென்ற நூலுக்காக மற்றவர் மாதக்கணக்கில் காத்திருந்தால் பேச்சு ஆறிப்போகும்.

இறுதியாக ஒரு வேண்டுகோள். 1956-இல் மாநில எல்லைகள் வகுக்கப்பட்டபோது தேவிகுளம் வட்டம் கேரளத்தில் நின்றது. மறையூர், காந்தளூர் முதலிய அஞ்சுநாட்டு ஊர்களின் முன்னோர் பாண்டிநாட்டிலிருந்து மலையேறி வந்தவர் என்பது அவ்வூரார் மரபு. அவர்கள் ஏன் வந்தனர்? யாரை விட்டு வந்தனர்? பின்னர்த் தோட்டத்துக்கு வந்தவர்களும் கரும்புக்கு வந்தவர்களும் எதை மறைத்துக்கொண்டு வந்தனர், எதை மறக்காமல் கொண்டு வந்தனர்? கேரளத்தார் இம்மண்ணைப் பற்றி மலையாளத்தில் நாவல் எழுதுகின்றனர். அதை நாம் மகிழ்வோடு வரவேற்கிறோம். இதே மண்ணின் கதையை இங்கே பிறந்த ஒருவர் தமிழில் முழுநாவலாக எழுதவேண்டும் என்னும் ஆசையும் நமக்கு உண்டு. அதற்கான சான்றுகள் ஏடுகளில் இல்லை. திண்ணையில் உட்கார்ந்திருக்கும் முதியோர் நினைவில் இருக்கின்றன. அவர்களிடம் கேளுங்கள்; அவர்கள் சொல்வதைச் சொன்னபடியே எழுதி வையுங்கள். முனியறைக்குள் கிடத்தப்பட்டவர் பெயரை எழுதி வைப்பார் எவரும் இல்லாமற் போயினர். நம் பாட்டன் பாட்டியர் பெயரையேனும் நாம் எழுதி வைப்போம்.